வல்லரசின் காது!

அடுத்த வீட்டுச் சன்னலோரம் இருட்டில் பதுங்கி நின்று, உள்ளே பேசுவதை ஒட்டுக் கேட்பவன் ஒருவன் கையும் களவுமாகச் சிக்கினால் ஊரார் என்ன செய்வர்? இழுத்து வந்து பஞ்சாயத்தில் நிறுத்துவர். "திருட வரவில்லை ஐயா! உங்கள் பாதுகாப்புக்காகத்தான் கேட்டுக் கொண்டிருந்தேன்" என்று அவன் கூறினால், கூடியிருப்போர் கைகொட்டிச் சிரிப்பர், சிரித்து முடித்த பின், முதலில் கொடுத்ததைவிட இன்னும் இரண்டு கூடுதலாகக் கொடுப்பர்.

ஆனால், ஒரு வீட்டுச் சன்னலை அல்ல, உலகத்துச் சன்னல்களை எல்லாம். ஓர் இரவு அல்ல, ஆண்டுக்கணக்கில். செவியால் அல்ல, கடலடிக் கம்பிகளிலே பொருத்திய கருவிகளால் ஒட்டுக் கேட்ட வல்லரசு ஒன்று கையும் களவுமாகச் சிக்கியது. சிக்கிய பின், அந்தச் சன்னலோரத் திருடன் சொன்ன அதே சாக்கைத்தான் அதுவும் சொன்னது. கேட்ட அரசுகள் சிரித்தனவா? இல்லை. சில முணுமுணுத்தன, சில தலையாட்டின, சில, "அந்தக் கருவி எமக்கும் கிடைக்குமா?" என்று ஏங்கின.

இந்தக் கொடுமையைப் பற்றித்தான் இந்த ஞாயிறன்று உங்களோடு பேச விரும்புகிறோம். அமெரிக்காவில் நடந்த ஏதோ ஒரு கதை என்று இதனைத் தள்ளிவிடாதீர்கள். ஒட்டுக் கேட்கப்பட்டவர் பட்டியலிலே நம் நாடு ஐந்தாவது இடத்தில் இருந்தது!

திரை விலகிய நாள்

2013ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், இலண்டனிலிருந்து வெளிவரும் 'கார்டியன்' ஏடு ஒரு நீதிமன்ற உத்தரவை வெளியிட்டது. வெரைசான் என்னும் தொலைபேசிக் கம்பெனியின் ஒரு பிரிவு, தன் வாடிக்கையாளர் அத்தனை பேரின் அழைப்புக் குறிப்புகளையும் நாள்தோறும் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ.விடம் ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு. குற்றம் செய்தவர், குற்றம் செய்ததாக ஐயுறப்பட்டவர், ஐயுறப்பட்டவரோடு பழகியவர் என்ற வரம்பு எதுவும் இல்லை. எல்லோரும்! மறுநாள், 'பிரிசம்' என்னும் திட்டம் அம்பலமாயிற்று. மைக்ரோசாப்ட், யாகூ, கூகுள், பேஸ்புக், ஆப்பிள் முதலான ஒன்பது கம்பெனிகளிடமிருந்து அயல்நாட்டாரின் கடிதங்களும் படங்களும் உரையாடல்களும் பெறப்படுவதாக முகமையின் ஏடுகளே பேசின. "நேரடியாக வழிவிடவில்லை, சட்டப்படி கேட்டதைத்தான் தந்தோம்" என்றன அக்கம்பெனிகள். சில நாட்களிலே பிரிட்டனின் ஜி.சி.எச்.க்யூ. என்னும் வேவு அமைப்பு, 'டெம்போரா' என்ற பெயரில் கடலடிக் கம்பிகளிலே ஓடும் செய்திகளை வாரி எடுத்து, உள்ளடக்கத்தை 3 நாளும் குறிப்புகளை 30 நாளும் சேமித்து வைப்பதும் வெளிவந்தது.

இவற்றை உலகுக்குக் காட்டியவர் யார்? எதிரி நாட்டு ஒற்றனா? அல்லன். அந்த முகமைக்கே ஒப்பந்தப் பணி செய்த 29 வயது இளைஞர் எட்வர்ட் ஸ்னோடன். அவர் வெளிப்படுத்தியவற்றிலே ஒரு கணக்கேடு உண்டு. 2013 மார்ச் என்ற ஒரே மாதத்தில், உலகெங்குமுள்ள கணினி வலைகளிலிருந்து 9,700 கோடித் துணுக்குச் செய்திகளை முகமை திரட்டியதாக அந்த ஏடு கூறுகிறது. நாட்டுவாரிப் பட்டியலில் முதலிடம் ஈரான், அடுத்து பாகிஸ்தான், பிறகு ஜோர்டான், எகிப்து, ஐந்தாவதாக இந்தியா, 630 கோடி! ஈரான் பகை நாடு, ஆகவே வேவு பார்த்தனர் எனலாம். ஜோர்டான் என்ன பகை? எகிப்து என்ன பகை? 'உலகின் பெரிய சனநாயகம்' என்று மேடைதோறும் புகழ்ந்தார்களே, அந்த இந்தியா என்ன பகை?

அதற்கு மூன்று மாதம் முன்னர்தான், 2013 மார்ச் 12ஆம் நாள், அமெரிக்க செனட் குழுவின் முன்னே, "கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய எவ்விதத் தகவலையேனும் திரட்டுகிறீர்களா?" என்று உறுப்பினர் ரான் வைடன் கேட்டார். வேவுத் துறைகளுக்கெல்லாம் தலைவராயிருந்த ஜேம்ஸ் கிளாப்பர், "இல்லை" என்றார்; "தெரிந்து திரட்டவில்லை" என்றார். ஜூன் மாதம் அந்தச் சொல்லைப் பொய்யாக்கியது. பொய் சொன்னவர் மீது வழக்கில்லை. உண்மை சொன்னவர் மீதோ 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டம் பாய்ந்தது! பொய்யருக்குப் பதவி, மெய்யருக்கு நாடு கடந்த வாழ்வு. இதுவன்றோ அவர்கள் நீதி!

'மறைக்க ஒன்றும் இல்லாதவன் அஞ்சுவானேன்?'

இந்த வேவுக்கு வக்காலத்து வாங்குவோர் மூன்று வாதங்களைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் வாதம்: "மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?" தோழர்களே, தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியிலே தடுப்பு வைத்திருக்கிறார்களே, எதற்காக? வாக்காளன் அங்கே களவா செய்கிறான்? "மறைக்க ஒன்றும் இல்லையென்றால், பண்ணையார் முன்னிலையில், முதலாளி முன்னிலையில், போலீசார் முன்னிலையில் வாக்குப் போடு" என்று எவரேனும் கூறினால் ஒப்புவோமா? அந்தத் தடுப்பு குற்றத்தை மறைப்பதற்கன்று. எளியவனை வலியவனிடமிருந்து காப்பதற்கு. அந்தரங்கம் என்பதும் அதுதான். ஆலையிலே சங்கம் அமைக்க எண்ணும் தொழிலாளி முதலில் நான்கு பேரிடம் மெல்லப் பேசுகிறான். ஊழலைக் கண்ட எழுத்தர் பத்திரிகையாளரிடம் மறைவாகச் சொல்கிறார். வழக்கில் சிக்கியவன் வழக்கறிஞரிடம் மனந்திறக்கிறான். இந்தப் பேச்சுகள் எல்லாம் ஆளவந்தார் செவிக்கு உடனுக்குடன் எட்டுமானால், சங்கம் ஏது? பத்திரிகை ஏது? எதிர்க்கட்சிதான் ஏது?

இது வெறுங் கற்பனையன்று. நீக்ரோ மக்களின் உரிமைக்காக அறப்போர் நடத்திய மார்ட்டின் லூதர் கிங் என்ன குற்றம் செய்தார்? அவருடைய தொலைபேசியை ஒட்டுக் கேட்க 1963ஆம் ஆண்டில் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி அனுமதி தந்தார். விடுதி அறைகளிலே ஒலிக்கருவி வைத்தனர். 1964ஆம் ஆண்டில், தற்கொலைக்குத் தூண்டும் மொட்டைக் கடிதம் ஒன்றை எப்.பி.ஐ. துறையே அவருக்கு அனுப்பியது. செனட்டர் பிராங்க் சர்ச் தலைமையில் 1975ஆம் ஆண்டு அமைந்த குழு இந்த அழுக்குகளையெல்லாம் வெளிக்கொணர்ந்தது. வேவு தொடங்குகிறபோது திருடன், தீவிரவாதி என்று பெயர் சொல்வர். கருவி கைக்கு வந்தபின், உரிமை கேட்பவன் எவனோ அவன் பெயர்தான் பட்டியலில் முதலில் ஏறும்.

இரண்டாவது வாதம்: "பேச்சையா கேட்டோம்? யார் யாரை எப்போது அழைத்தார் என்ற குறிப்பைத்தானே எடுத்தோம்! கடிதத்தைப் பிரிக்கவில்லை, உறை மேலுள்ள விலாசத்தைத்தான் பார்த்தோம்." நல்ல விளக்கம்! நள்ளிரவில் மருத்துவரை அழைத்தாய், மறுநாள் புற்றுநோய் மருத்துவமனையை அழைத்தாய், பிறகு ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தை அழைத்தாய். பேச்சைக் கேட்டால்தானா உன் வீட்டுத் துயரம் விளங்கும்? வேலைநிறுத்தத்துக்கு முந்திய இரவில் சங்கச் செயலாளரை அழைத்தவர் யார் யார் என்ற பட்டியல் போதாதா, மறுநாள் காலையிலே வேலைநீக்கச் சீட்டுகளை எழுதுவதற்கு? அந்த முகமைக்கே தலைவராயிருந்த மைக்கேல் ஹேடன், 2014ஆம் ஆண்டு ஒரு பல்கலைக்கழக மேடையில், அழைப்புக் குறிப்பை வைத்தே ஆட்களைக் கொல்கிறோம் என்று ஒளிவுமறைவின்றிக் கூறினார். ஆளையே கொல்லப் போதுமான குறிப்பு, 'வெறும் குறிப்பு' ஆவது எங்ஙனம்?

மூன்றாவது வாதம்: "உயிர்களைக் காக்கிறோம்." இதற்கு நாம் விடை கூற வேண்டியதில்லை, அவர்கள் நாட்டு ஆய்வுக் குழுவே கூறிவிட்டது. ஊரிலுள்ளோர் அனைவரின் அழைப்புக் குறிப்பையும் வாரிக் குவித்த திட்டத்தை, அந்தரங்க, குடியுரிமைக் கண்காணிப்பு வாரியம் என்ற அரசு அமைப்பு துருவி ஆராய்ந்தது. அமெரிக்காவுக்கு எதிரான அச்சுறுத்தல் பற்றிய எந்த ஒரு பயங்கரவாத விசாரணையிலும் அத்திட்டம் முடிவை மாற்றியதாக ஓர் எடுத்துக்காட்டுகூடக் கிடைக்கவில்லை என்று 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. 2015 மே மாதம் நியூயார்க்கிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் தராத அதிகாரத்தை முகமை எடுத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தது. 2020 செப்டம்பரில் மேற்குக் கரையிலுள்ள மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சட்டவிரோதம் என்றே கூறியது. ஸ்னோடன் வாய் திறக்காதிருந்தால், இந்தத் தீர்ப்புகள் பிறந்திருக்குமா? குற்றம் வெளிவந்த பிறகல்லவா நீதிமன்றத்துக்கு வேலை!

ஓர் இணைப்புச் சொல்லில் ஒளியும் வல்லரசு

இனி, சட்டத்துக்கு வருவோம். ஒருவருடைய அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் வீட்டிலும் கடிதப் போக்குவரத்திலும் தன்னிச்சையாகத் தலையிடலாகாது என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 12ஆம் பிரிவிலே உரைத்தது. பிரகடனம் அறவுரை மட்டுமே என்பார்க்கும் இடமின்றி, 1966 டிசம்பர் 16ஆம் நாள் ஐ.நா. பேரவை குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. அதன் 17ஆம் பிரிவு அதே உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டமாக்கிற்று. 1976ஆம் ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் 1976இலும், இந்தியா 1979இலும், அமெரிக்கா 1992இலும் அதனை ஏற்றன.

கையெழுத்துப் போட்ட அமெரிக்கா என்ன கூறுகிறது? உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, 'தன் நாட்டு எல்லைக்குள் இருப்போரும் தன் அதிகாரத்துக்கு உட்பட்டோரும்' ஆகிய அனைவருக்கும் உரிமை தர ஒவ்வொரு நாடும் கடமைப்பட்டது என்கிறது. அந்த 'உம்' என்ற ஒட்டைத்தான் வல்லரசு பிடித்துக் கொண்டது! "இரண்டும் சேர்ந்திருந்தால்தான் கடமை; எல்லைக்கு வெளியே இருப்பவனுக்கு நாம் எந்தக் கடமையும் பட்டவரல்லர்" என்று வாதாடுகிறது. ஆகவே, வாஷிங்டனில் இருப்பவனுக்கு அந்தரங்கம் உண்டு. சென்னையில், சாவோ பாலோவில், கெய்ரோவில் இருப்பவனுக்கு இல்லை! கடல் கடந்து நம் வீட்டுக்குள் வருவதற்கு அவர்களுடைய கருவிக்கு எல்லை கிடையாது. நம்மைக் காக்க வரவேண்டிய அவர்களுடைய கடமைக்கு மட்டும் எல்லை உண்டாம்!

இந்த வாதத்தை உலகம் ஏற்றதா? கேளுங்கள். உருகுவே நாட்டிலே இராணுவக் கொடுங்கோல் நடந்த காலம். லோப்பஸ் பூர்கோஸ் என்ற தொழிற்சங்கத் தலைவர் அண்டை நாடான அர்ஜென்டினாவுக்குத் தப்பிச் சென்றார். 1976ஆம் ஆண்டு, உருகுவேயின் ஆட்கள் அந்த நாட்டுக்குள்ளே புகுந்து அவரைக் கடத்திச் சென்று வதைத்தனர். வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முன் வந்தது. 1981ஆம் ஆண்டு குழு தீர்ப்புரைத்தது: தன் மண்ணிலே செய்யக் கூடாத கொடுமையைப் பிறர் மண்ணிலே செய்து கொள்ளலாம் என்று உடன்படிக்கைக்குப் பொருள் கூறுவது மனச்சான்றுக்கு ஒவ்வாதது என்றது. உருகுவேக்கு ஒரு நீதி, அமெரிக்காவுக்கு வேறொரு நீதியா? சின்ன நாடு பிறர் மண்ணில் கை வைத்தால் குற்றம். பெரிய நாடு காது வைத்தால் கொள்கையா?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகராயிருந்த ஹெரால்டு கோவே, 2010ஆம் ஆண்டு எழுதிய நீண்ட குறிப்பிலே, இந்த வாதம் நிலைக்கத் தக்கதன்று என்று தன் சர்க்காருக்கு எடுத்துரைத்தார். சர்க்கார் செவி சாய்க்கவில்லை. உலகத்து ஓசையெல்லாம் கேட்கும் காதுக்குத் தன் வழக்கறிஞர் சொல் மட்டும் கேட்கவில்லை! 2014ஆம் ஆண்டு மனித உரிமைக் குழு, நாட்டுக்கு உள்ளே ஆயினும் வெளியே ஆயினும் வேவு 17ஆம் பிரிவுக்கு இயைந்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவை நேருக்கு நேர் அறிவுறுத்தியது. அப்போது ஐ.நா. மனித உரிமை ஆணையராக வீற்றிருந்தவர், தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரத்துத் தமிழ் வழிக் குடும்பத்திலே பிறந்த நவநீதம் பிள்ளை. 2014 ஜூன் மாதம் அவர் அலுவலகம் தந்த அறிக்கை, மொத்த வேவுத் திட்டம் ஒன்று இருப்பதே அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்று கூறிற்று. நிறவெறி ஆட்சியின் உளவுப் போலீசுக்கு இலக்கானவர்களுக்காக வழக்காடிய பெண்மணிக்கு இது விளங்காமல் இருக்குமா?

தலைவியின் போனும் மக்களின் போனும்

உடன்படிக்கையை மீறியவன் அமெரிக்கன் மட்டும் என்று கருதிவிட வேண்டாம். 1946ஆம் ஆண்டிலேயே பிரிட்டனும் அமெரிக்காவும் இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டன. பின்னர் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவையும் சேர்ந்தன. 'ஐந்து கண்கள்' என்று அதற்குச் செல்லப்பெயர். வெளியே நின்றவர்கள் நல்லவர்களா? 2013 அக்டோபரில், ஜெர்மன் பிரதமர் ஆங்கெலா மெர்க்கலின் கைபேசியே வேவுக்கு உள்ளானது என்ற செய்தி வெளியானதும், நண்பர்களுக்குள் வேவு தகாது என்று அவர் சினந்தார். ஜெர்மானிய மக்களின் பேச்சு வாரப்பட்ட செய்தி ஜூன் மாதமே வந்தது. அக்டோபர் வரை வராத சினம், தன் போன் என்றதும் வந்தது! 2015ஆம் ஆண்டிலோ, ஜெர்மனியின் சொந்த வேவுத் துறையே அமெரிக்க முகமைக்குத் துணை நின்று ஐரோப்பிய நண்பர்களை வேவு பார்த்தது அம்பலமாயிற்று.

பிரேசில் நாட்டுத் தலைவி தில்மா ரூசெப் துணிந்து நின்றார். இராணுவ ஆட்சியின் சிறையையும் வதையையும் கண்டவர் அவர். வாஷிங்டனுக்குச் செல்லவிருந்த அரசுமுறைப் பயணத்தைத் தள்ளிவைத்தார். 2013 செப்டம்பரில் ஐ.நா. மேடையேறி, இது சர்வதேசச் சட்டத்தை மீறிய செயல் என முழங்கினார். பிரேசிலும் ஜெர்மனியும் கொணர்ந்த தீர்மானத்தை 2013 டிசம்பர் 18ஆம் நாள் ஐ.நா. பேரவை வாக்கெடுப்பின்றி ஏற்றது. நல்லதுதான். ஆனால், எல்லை கடந்த வேவு உரிமை மீறலே என்று முதலில் எழுதிய வாசகத்தை, அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் இரவு பகலாக முயன்று நீர்க்கச் செய்தனர். 'உரிமை மீறல்' என்ற வாள், 'ஆழ்ந்த கவலை' என்ற மயிலிறகாயிற்று.

ஸ்னோடனுக்கு அடைக்கலம் தந்தது ரஷ்யா. பின்னர் 2022ஆம் ஆண்டு குடியுரிமையும் தந்தது. அதற்காக அந்த நாட்டைச் சுதந்திர பூமி என்போமா? தொலைபேசிக் கம்பெனிகளின் இணைப்பகத்திலேயே வேவுத் துறைக்கு நேர்வழி வைத்திருப்பது உரிமை மீறல் என்று, 2015 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது ரஷ்யாவுக்கு எதிராகத்தான். வேவு என்று வந்துவிட்டால் கிழக்குமில்லை, மேற்குமில்லை. ஆள்வோர் ஒரு கட்சி, ஆளப்படுவோர் மற்றொரு கட்சி!

அதே நீதிமன்றம் 2021 மே 25ஆம் நாள் பிரிட்டனின் மொத்த வேவை ஆராய்ந்து, அது அந்தரங்கத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் மீறியது என்று கூறியது. மகிழ்ந்தோம். ஆனால் உள்ளே படித்தால், மொத்தமாக வாருவது தன்னளவில் குற்றமன்று, போதிய காப்பு இல்லாமல் வாரியதுதான் குற்றம் என்றிருக்கிறது. கொள்ளை குற்றமன்று, ரசீது தராமல் கொள்ளையடித்ததே குற்றம் என்பதைப் போல! நீதிமன்றங்கள் பாதி வழி வந்து நிற்கின்றன. மீதி வழியை மக்கள்தான் நடக்க வேண்டும்.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரிய நாட்டுச் சட்ட மாணவர் தனியராக வழக்குத் தொடுத்து, ஐரோப்பியரின் தகவல்களை அமெரிக்காவுக்கு அனுப்பும் ஏற்பாட்டை 2015இல் ஒருமுறையும் 2020இல் மறுமுறையும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திலே தகர்த்தார். 2020 மே 19ஆம் நாள் ஜெர்மனியின் அரசியற்சட்ட நீதிமன்றம், அயல்நாட்டில் வாழும் அயல்நாட்டாரை வேவு பார்க்கும்போதும் ஜெர்மன் அரசை அடிப்படை உரிமைகள் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அதைத்தான் நாமும் கேட்கிறோம். அரசின் கை எவ்வளவு தூரம் நீளுமோ, அவ்வளவு தூரம் அதன் கடமையும் நீள வேண்டும்!

நம் வீட்டுக் கதை

630 கோடித் துணுக்குகளை இழந்த இந்தியா என்ன செய்தது? பிரேசில் முழங்கிய அதே ஆண்டிலே, நம் வெளியுறவு அமைச்சராயிருந்த சல்மான் குர்ஷித், இது செய்திகளைப் படிப்பதன்று, அழைப்புகளின் போக்கைக் கணினி கொண்டு ஆராய்வதே என்று அமெரிக்காவுக்காக விளக்கம் தந்தார்! வீடு பறிகொடுத்தவனே திருடனுக்கு வக்கீலாக நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்னோடன் அடைக்கலம் கேட்டு அனுப்பிய விண்ணப்பத்தை 2013 ஜூலையில் டில்லி மறுத்தது. வாய் மூடியதற்குக் காரணம் அச்சமா, நட்பா? இரண்டையும்விட ஆழமான காரணம் ஒன்று உண்டு. தானும் அதே தொழிலைச் செய்பவன், பிறனைத் திருடன் என்று எப்படிக் கூவுவான்?

வெள்ளைக்காரன் 1885ஆம் ஆண்டு இயற்றிய தந்திச் சட்டம், 'பொது நெருக்கடி', 'பொதுப் பாதுகாப்பு' என்ற பெயரால் செய்திகளை இடைமறிக்க அதிகாரம் தந்தது. வெள்ளையன் போனான், சட்டம் போகவில்லை. 2023ஆம் ஆண்டு புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதிலும் அதே இரு சொற்கள் அரியணையில் அமர்ந்திருக்கின்றன. இடைமறிக்க ஆணையிடுபவர் நீதிபதியா? அல்லர், உள்துறைச் செயலாளர். அந்த ஆணை சரியா என்று பின்னர் பார்ப்பவர் யார்? அவரைப் போன்ற வேறு சில செயலாளர்கள்! மாமியார் வழக்கை மாமனார் விசாரிப்பது போல!

1962ஆம் ஆண்டு கரக் சிங் வழக்கிலே, நள்ளிரவில் போலீசார் வந்து கதவைத் தட்டுவது செல்லாது என்ற உச்ச நீதிமன்றம், அந்தரங்கம் என்பது உறுதி செய்யப்பட்ட உரிமையன்று என்றும் கூறியது. நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டார். அந்தரங்கம் சுதந்திரத்தின் இன்றியமையாத கூறு என்றார். அவர் சொல் வெல்ல 55 ஆண்டுகள் ஆயின! 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர்.

தீர்ப்பு வந்தது, வேவு நின்றதா? 2021 ஜூலையில் 'பெகாசஸ்' என்ற இஸ்ரேலிய வேவுக் கருவி பற்றிய செய்தி வெடித்தது. பத்திரிகையாளர், எதிர்க்கட்சித் தலைவர், உரிமைப் போராளர் எனப் பலருடைய எண்கள் பட்டியலில் இருந்தன. தேசியப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் அரசு கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், 2021 அக்டோபரில் குழு அமைத்தது. 29 கைபேசிகள் ஆராயப்பட்டன; ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதி கூற இயலவில்லை என்றது குழு. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு தெரிவித்ததாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி இரமணா மன்றத்திலே கூறினார். "வாங்கினாயா, இல்லையா?" என்ற நேரான கேள்விக்கு நேரான விடை நாடாளுமன்றத்திலும் வரவில்லை, நீதிமன்றத்திலும் வரவில்லை. 2023ஆம் ஆண்டு தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடைக்காரனுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால், தன் துறைகளில் எதனையும் அறிவிக்கை ஒன்றால் அச்சட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ளும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்கிறது 17ஆம் பிரிவு. ஐ.நா.வின் 17ஆம் பிரிவு மக்களைக் காக்கிறது. டில்லியின் 17ஆம் பிரிவு ஆள்வோரைக் காக்கிறது!

இரண்டாவது ஒற்றன் எங்கே?

"வள்ளுவரே ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறாரே!" என்று சில பண்டிதர்கள் குறுக்கிடுவர். ஆம், வகுத்தார். ஆனால் முழுதும் படியுங்கள். வேவு பார்க்க அவர் சொன்னது வினை செய்யும் அதிகாரிகளை, மன்னனின் சுற்றத்தாரை, பகைவரை. அதிகாரத்தின் பக்கத்தில் நிற்போரை! உழவனின் குடிசையை அன்று. மேலும், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும் என்றார். மன்னர் காலத்துக்கே அந்த எச்சரிக்கை என்றால், மக்களாட்சியில் அந்த இரண்டாவது ஒற்றன் யார்? சுதந்திரமான நீதிமன்றம், கேள்வி கேட்கும் நாடாளுமன்றம், அஞ்சாத பத்திரிகை. சர்ச் குழுவின் உழைப்பால் அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு பிறந்தது, வேவு கோரிக்கைகளை ஆராயும் இரகசிய நீதிமன்றம். அரசுத் தரப்பை மட்டுமே கேட்டுக் கேட்டு, கடைசியில் வெரைசான் உத்தரவில் கையெழுத்திட்டதும் அதே நீதிமன்றம்தான்! வேலியே பயிரை மேய்ந்தது. இருட்டிலே நடக்கும் விசாரணை, நீதியின் உடை போர்த்திய வேவுதான்.

ஆகவே, நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஊரையே வாரும் மொத்த வேவு கூடாது. குறித்த ஆளை, குறித்த காரணத்துக்காக, சுதந்திரமான நீதிபதி எழுத்தில் ஆணையிட்டால் மட்டுமே இடைமறிக்க வேண்டும். விசாரணை முடிந்தபின், வேவுக்கு உள்ளானவருக்கு அதனை அறிவிக்க வேண்டும். அவர் முறையிட வழி வேண்டும். எல்லைக்கு வெளியே உள்ளவனுக்கும் 17ஆம் பிரிவு பொருந்தும் என்று இந்தியா உலக மன்றத்தில் உரக்கக் கூற வேண்டும். உரிமை பறிபோன தனிமனிதன் நேரே ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் அமெரிக்காவும் சேரவில்லை, பிரிட்டனும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை, சேர வேண்டும். குற்றத்தை வெளிப்படுத்துவோரைக் குற்றவாளியாக்காத சட்டம் வேண்டும்.

தோழர்களே, இது படித்தவர் பேசும் நுட்பச் சிக்கல் என்று ஒதுக்காதீர்கள். போஸ்டர் ஒட்டியவனும், துண்டறிக்கை கொடுத்தவனும், சங்கச் சந்தா திரட்டியவனும் போலீஸ் குறிப்பேட்டில் இடம்பெற்ற வரலாறு நமக்குத் தெரியும். அன்று ஓர் ஊழியனைப் பின்தொடர ஒரு போலீஸ்காரன் வேண்டும். அவனுக்குச் சம்பளம் வேண்டும், சைக்கிள் வேண்டும், உறக்கமும் வேண்டும். எல்லோரையும் பின்தொடர எந்தச் சர்க்காராலும் இயலவில்லை. அந்த இயலாமையே நமக்கு அரணாக இருந்தது. இன்றைய கருவிக்கு உறக்கமில்லை, ஓய்வில்லை, சம்பளமில்லை. பழைய அரண் இடிந்துவிட்டது. இனி சட்டத்தாலும் மக்கள் விழிப்பாலும் புதிய அரண் எழுப்பினால்தான் உண்டு.

கிளைதோறும் இதனைப் பேசுங்கள். கூட்டந்தோறும் தீர்மானம் நிறைவேற்றுங்கள். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், "எம் பேச்சைக் கேட்க ஆணையிடுபவர் நீதிபதியா, அதிகாரியா? மன்றத்தில் நீர் எதற்குக் கை தூக்குவீர்?" என்று கேளுங்கள். விடை கூறாமல் நழுவுபவர் எந்தக் கட்சியினராயினும் விடாதீர்கள்.